பூஜ்யம் என்று எண் போட்ட புத்தகம்

புத்தகங்களை வாடகைக்கு விடும் தொழிலில், வாசகர் கேட்டதை எடுத்துக் கொடுப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை; "இதுக்கு முந்தினது எது?" என்று அவர் கேட்கும்போதுதான் உயிர் போய் உயிர் வரும். நூலகத்திலோ, பழைய புத்தகக் கடையிலோ, ஏன், சொந்த வீட்டு அலமாரியின் முன்னாலோ, மூன்றாம் பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாம் பாகத்தைத் தேடி நின்ற அனுபவம் உங்களுக்கு இருந்தால், நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே நோய்க்காரர்கள்.

எழுபதுகளின் நடுவிலிருந்து பதினோரு ஆண்டுகள், சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் ரத்தினம் என்பவரின் வாடகைப் புத்தகக் கடையில் வேலை பார்த்தேன். கடையின் முன்பக்கம் மெட்ராஸிலிருந்து கப்பலில் வரும் தமிழ் நாவல்களும் வார இதழ்களும். பின்பக்கம் ஆங்கிலப் புத்தகங்கள். அந்தப் பின்பக்கம்தான் என் ராஜ்ஜியம். அதில் ஒரு முழு அலமாரித் தட்டை அடைத்துக்கொண்டு நின்றது 'வெஸ்டா பேட்ரோல்'.

அது தொலைக்காட்சியில் வாரம் ஒருமுறை வந்த விண்வெளித் தொடர். வெஸ்டா என்று ஒரு விண்கலம், அதற்கு மெரிக் என்று ஒரு கேப்டன், அவர்கள் போகும் இடமெல்லாம் வம்பு. தொடர் நன்றாக ஓடியதால் அதே கலத்தையும் அதே ஆட்களையும் வைத்து நாவல்கள் வரத் தொடங்கின. ஆளுக்கொரு எழுத்தாளர், ஆளுக்கொரு காலம். ஒருவர் மெரிக்கின் கடைசிப் பயணத்தை எழுதுவார். அது வந்து ஓராண்டு கழித்து இன்னொருவர், அவன் முதன்முதலாகக் கேப்டன் ஆன நாளை எழுதுவார். புத்தகம் வெளிவந்த வரிசை ஒன்று, கதை நடந்த வரிசை வேறு. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் நான்.


செத்தவர் குடித்த கோப்பி

எங்கள் கடையின் வெஸ்டா வாசகர்களில் மூத்தவர் கணேசன் சார். உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். சனிக்கிழமை காலையில் சட்டைப்பையில் இரண்டு பேனாவோடு வருவார், ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுத்துப் போவார். எது அடுத்தது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்போதெல்லாம் அட்டைப்படம் எது புதிதாக இருக்கிறதோ அதை எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை அவர் வழக்கம்போல அலமாரிப் பக்கம் போகவில்லை. நேராக என் மேசைக்கு வந்து புத்தகத்தை வைத்தார். அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு, வகுப்பில் தப்பான விடை சொன்ன பிள்ளையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். கோபமே இல்லாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"மிஸ் வசந்தா, போன வாரம் நெருப்புல செத்த சீஃப் இன்ஜினியர் இந்த வாரம் உட்கார்ந்து கோப்பி குடிக்கிறாரு. எனக்கு ஒண்ணும் இல்ல. அவருக்கு விஷயம் தெரியுமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."


காலண்டரின் பின்பக்கம்

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அப்போது கடையில் பதின்மூன்று வெஸ்டா நாவல்கள் இருந்தன. மூன்று மாதத்தில் பதின்மூன்றையும் படித்து முடித்தேன், கையில் பென்சிலோடு. சில புத்தகங்களில் கதை நடக்கும் ஆண்டு தெளிவாகவே இருக்கும். பலவற்றில் இருக்காது. அங்கேதான் துப்பறியும் வேலை. மெரிக்கின் இடது கன்னத்தில் தழும்பு இருந்தால் சனிக்கோள் சண்டைக்குப் பிந்தியது, இல்லாவிட்டால் முந்தியது. கலத்தின் வலது இறக்கையில் ஒட்டுத் தகடு இருந்தால் இன்னும் பிந்தியது. சீஃப் இன்ஜினியர் கோப்பி குடித்தால், கண்டிப்பாக நெருப்புக்கு முந்தியது.

பழைய காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் கோடு போட்டு, எது முதலில் நடந்தது, எது கடைசியில் நடந்தது என்று அட்டவணை எழுதினேன். வெள்ளைத் தாளை நகம் அளவுக்கு வெட்டி, ஒன்று முதல் பதின்மூன்று வரை எண் எழுதி, புத்தகங்களின் முதுகில் பசை போட்டு ஒட்டினேன். அட்டவணையை என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. முதலாளி ரத்தினம் வந்தார், மூக்குக் கண்ணாடியைத் தூக்கி அட்டவணையை மேலிருந்து கீழாகப் படித்தார்.

"வசந்தா, ஆளுங்க வந்து புத்தகம் கேப்பாங்கன்னு கடை வச்சேன். நீ ஒவ்வொண்ணுக்கும் ஜாதகம் கணிச்சில்ல வச்சிருக்க!"


நடந்தது நடந்தபடி

அருளப்பன் அண்ணன் கடைக்கு வந்தது, அட்டவணை மாட்டிய ஆண்டின் கடைசியில். ஜூரோங்கில் கப்பல் கட்டும் யார்டு ஒன்றில் வெல்டர். நாற்பத்து நான்கு வயது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்ததும் அவரும் மனைவி ரோஸ்மேரியும் பஸ் ஏறி இங்கே வருவார்கள். ரோஸ்மேரி தேக்கா சந்தைக்குள் மீன் வாங்கப் போனால் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவர் எங்கள் கடையைக் கண்டுபிடித்தார்.

அட்டவணையின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பிறகு, தான் ஆங்கிலம் ஆரம்பப் பள்ளியோடு நிறுத்தியவன் என்றும், ஆனாலும் சட்டைப்பை அகராதி ஒன்று வைத்திருப்பதாகவும், ஒரு புத்தகம் முடிக்க ஐந்து வாரம் பிடிக்கும் என்றும், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போலச் சொன்னார். மெதுவாகப் படித்தால் என்ன அண்ணே, புத்தகம் எங்கேயும் ஓடிப்போகாது என்றேன். வாய் சும்மா இருக்காதே எனக்கு. அவர் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். உள்ளே பிரஷர் கூடிக்கொண்டே போகிறதாம். சொட்டு மருந்து போடுகிறாராம். அவருடைய அப்பாவுக்கும் இதேதான், ஐம்பது வயதுக்கு முன்னால் முழுக்கப் போய்விட்டதாம். வெல்டிங் வெளிச்சத்தால் இல்லை, குடும்பத்தில் வருவது என்று டாக்டர் சொன்னாராம். அதைச் சொல்லும்போது, தொழில் மேல் பழி விழவில்லை என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி தெரிந்தது.

ஒன்று என்று எண் போட்ட புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"அங்க கொஞ்சம் இங்க கொஞ்சம்னு வேணாம் தங்கச்சி. நடந்தது நடந்தபடி படிக்கணும். கண்ணு இருக்கறதுக்குள்ள கடைசிப் புத்தகத்தை முடிச்சிடணும், அவ்வளவுதான்."


ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்

வரிசை போடுகிறவர்களின் பெரிய எதிரி, புதிதாக எழுதுகிறவர்கள். அருளப்பன் அண்ணன் பத்தாவது புத்தகத்தில் இருந்தபோது புதிய நாவல் ஒன்று வந்து இறங்கியது. புரட்டினால், கன்னத்தில் தழும்பு இருக்கிறது, இறக்கையில் ஒட்டு இல்லை. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் நடக்கிற கதை! பின்னால் இருக்கிற எண்களையெல்லாம் கிழித்து மறுபடி ஒட்டினால் முதுகுத் தாளும் சேர்ந்து வந்துவிடும். '7A' என்று எழுதி ஒட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அருளப்பன் அண்ணனிடம், நீங்கள் தாண்டி வந்த இடத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, திரும்பிப் போய்ப் படித்துவிட்டு வாருங்கள் என்றேன். அவர் மறுபேச்சு பேசவில்லை. நான் சொன்னால் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை. ஐந்து வாரம் போயிற்று.

கணேசன் சாருக்கு இது பிடிக்கவில்லை. சனிக்கிழமை ஆளும் ஞாயிற்றுக்கிழமை ஆளும் அதிகம் சந்தித்ததில்லை என்றாலும், அருளப்பன் அண்ணனின் கண் விஷயம் என் வழியாக அவருக்குத் தெரியும். எழுதியவர்கள் எந்த வரிசையில் எழுதினார்களோ அதே வரிசையில் படித்தால் யாரும் பின்னால் திரும்ப வேண்டியிருக்காது என்பது அவர் கட்சி. செத்தவர் கோப்பி குடிப்பதைப் பற்றிப் புகார் செய்தவரே நீங்கள்தானே என்று மடக்கினேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் செத்தவரைப் பத்திக் கேட்டேன், மிஸ் வசந்தா. இது உயிரோட இருக்கறவரு. அவருக்கு டைம் கம்மி, முன்னால போக விடுங்க லா."


மூலையில் ஒரு சிலுவை

வாடகைப் புத்தகம் படிக்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எது படித்தது, எது படிக்காதது என்று மறந்துபோகாமல் இருக்க, கடைசிப் பக்கத்தில் ஆளுக்கொரு குறி போட்டு வைப்பார்கள். கடைக்காரர்கள் திட்டுவோம், அவர்கள் போடுவார்கள். கணேசன் சாருடையது ஒரு முக்கோணம். முன்பக்கத் தமிழ் நாவல்களில் பூ, மீன், இனிஷியல் என்று ஊர்க் கூட்டமே இருக்கும். அருளப்பன் அண்ணன் கடைசிப் பக்கத்தின் கீழ் மூலையில், வலது ஓரத்தில், பென்சிலால் ஒரு சின்னச் சிலுவை போடுவார். எறும்பு அளவு. வெல்டர் கை அல்லவா, கோடு கொஞ்சமும் கோணாது. அவர் திருப்பிக் கொடுத்ததும் முதலில் அந்தச் சிலுவையைத்தான் பார்ப்பேன், ஒரு படி ஏறிவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

பத்தாவது புத்தகத்தில் சிலுவை மூலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே வந்திருந்தது. நான் கவனித்தும் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன். பதினொன்றாவது வந்தபோது அது அச்செழுத்தின் மேலேயே விழுந்திருந்தது, கடைசி வரிக்கு நடுவில். கோடு மட்டும் அதே நேர்க்கோடு. கையில் குறை இல்லை, பக்கத்தின் ஓரம் எங்கே இருக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

அவர் அலமாரிப் பக்கம் போன நேரத்தில், மீன் பையோடு வாசலில் நின்ற ரோஸ்மேரியிடம் மெதுவாகக் கேட்டேன். அவள் முதலில் ஒன்றும் இல்லை என்றாள். பிறகு பையைக் கீழே வைத்தாள்.

"நேரா இருக்கறது மட்டும்தான் தெரியுதாம் அக்கா, ரெண்டு பக்கமும் இருட்டாம். ஒரு லைன் முடிஞ்சா அடுத்த லைன் எங்க தொடங்குதுன்னு விரலால தேடுறாரு. யார்டுல வெல்டிங்கை விட்டு ஸ்டோருக்கு மாத்திட்டாங்க. நான் சொன்னதா அவருகிட்ட சொல்லிடாதீங்க."


அண்ணன் கையிலிருந்து வாங்கியது

இனி நான் சொல்லப்போவது, இந்தத் தொழிலில் நான் செய்த தவறுகளிலேயே பெரியது. அதைத் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. சிலுவை எங்கே விழுந்தது என்று பார்த்தவள் நான். ரோஸ்மேரி சொன்னதைக் கேட்டவள் நான்.

அவருக்குப் பன்னிரண்டும் பதின்மூன்றும் மட்டும் பாக்கி. அந்த வாரம் பார்த்துப் புதுப் பெட்டியில் இன்னொரு வெஸ்டா நாவல் வந்தது. அட்டையில் கப்பல் பட்டறை, சாரம் கட்டிய ஒரு பெரிய கலம், அதன் அடிவயிற்றில் தீப்பொறிக்கு நடுவே முகமூடி போட்ட ஒரு இளைஞன். மெரிக்தான். கேப்டன் ஆவதற்கு வெகு முன்னால், பத்தொன்பது வயதில், நிலவில் இருக்கும் கப்பல் பட்டறையில் வெல்டராக வேலை பார்த்த காலத்துக் கதை. அதுவரை வந்த எந்த நாவலிலும் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒன்றாம் எண்ணுக்கும் முந்தியது. ஒன்றுக்கு முன்னால் என்ன எண் போடுவது? பூஜ்யம் என்று எழுதி ஒட்டினேன்.

சனிக்கிழமையே கணேசன் சார் சொல்லிவிட்டுப் போனார், முதலில் பன்னிரண்டையும் பதின்மூன்றையும் முடிக்கட்டும், பூஜ்யம் எங்கேயும் போகாது என்று. எனக்கு மனம் ஒப்பவில்லை. நடந்தது நடந்தபடி என்று கேட்டவரிடம், முதலில் நடந்ததைக் கடைசியில் கொடுப்பதா? அதோடு, அது அவருடைய தொழில், அவருடைய கதை. அந்த அட்டையைப் பார்க்கும்போது அவர் முகம் எப்படி மாறும் என்று பார்க்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இருந்தது. உண்மையைச் சொன்னால், ஆசைதான் பெரிது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். தானாகவே அலமாரிக்குப் போய், விரலால் முதுகுகளைத் தடவி எண்ணி, பன்னிரண்டாவதை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். நான் அதை அவர் கையிலிருந்து வாங்கி இந்தப் பக்கம் வைத்துவிட்டு, பூஜ்யத்தைக் கொடுத்தேன். கதையை இரண்டு வரியில் சொன்னேன். அட்டையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு மூலையாகத் தேடித் தேடிப் பார்த்தார். நான் எதிர்பார்த்த மாதிரியே முகம் மாறியது.

"அப்ப மெரிக்கும் நம்ம ஆளுதானா தங்கச்சி?"


கழுத்துக்குள் விழுந்த பொறி

ஐந்து வாரத்தில் வர வேண்டிய புத்தகம் பத்து வாரம் கழித்து வந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து தேதியை மட்டும் நீட்டித்துக்கொண்டு போனார். முதலாளி முணுமுணுத்தார், நான் கேட்டுக்கொள்ளவில்லை. கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டு பன்னிரண்டைக் கொடுத்துவிடலாமா என்று ஒரு முறை வாய் வரைக்கும் வந்தது. பாதியில் இருக்கும் புத்தகத்தை எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் கொண்டு வந்து வைத்தபோது, வழக்கம்போலப் பின்பக்கத்தைத் திருப்பினேன். இரண்டு சிலுவைகள். இரண்டும் மூலையில் இல்லை, ஒன்று பக்கத்தின் நடுவில், இன்னொன்று அதற்கும் மேலே. எதற்கு இரண்டு என்று கேட்டேன். அதுவரை அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"மேல பார்த்து வெல்டிங் பண்ணும்போது சட்டைக் கழுத்துக்குள்ள பொறி விழும் தங்கச்சி. விழுந்தாலும் கையை எடுக்க முடியாது, எடுத்தா ஒட்டுற தையல் கெட்டுப்போயிடும். அதைக்கூட எழுதியிருக்கான்! அதான் முடிச்சதும் மறுபடி முதல்ல இருந்து படிச்சேன். இதை எழுதினவன் ஒரு நாளாவது யார்டுல நின்னவனாத்தான் இருப்பான்."


முப்பத்தொன்றாம் பக்கம்

பன்னிரண்டை எடுத்துப் போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை. ஈஸ்டர் கழிந்து இரண்டு வாரம் ஆன பிறகு ரோஸ்மேரி தனியாக வந்தாள். கையில் மீன் பை இல்லை. பன்னிரண்டாவது புத்தகத்தைச் சுத்தமான துணியில் சுற்றிக் கொண்டு வந்திருந்தாள். பிரித்தேன். உள்ளே முப்பத்தொன்றாம் பக்கத்தில், ஞாயிற்றுப் பூசையில் கொடுத்த குருத்தோலையின் ஒரு துண்டு அடையாளமாக வைத்திருந்தது. பின்பக்கத்தில் சிலுவை இல்லை.

ஆபரேஷன் செய்தும் பலனில்லை என்றாள். இப்போது வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரிகிறதாம். குருத்தோலையை எடுத்து அவளிடம் கொடுக்கப் போனேன். வேண்டாம், அதிலேயே இருக்கட்டும் என்றாள்.

"முப்பத்தொண்ணாவது பக்கத்தை மூணு நாளா படிச்சாரு அக்கா. நாலாவது நாள் என்கிட்ட குடுத்து, 'தேதி தாண்டுது, பின்னால யாராச்சும் காத்துக்கிட்டு இருப்பாங்க, கொண்டு போய்க் குடுத்துடு'ன்னாரு."


விட்ட இடம்

பத்து வாரம். நான் கணக்கு போட்டுப் பார்க்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை. ஒரு புத்தகத்துக்கு ஐந்து வாரம் என்றால் பன்னிரண்டும் பதின்மூன்றும் சரியாகப் பத்து வாரம். அவர் இந்தக் கடையில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, கண் இருப்பதற்குள் கடைசிப் புத்தகம். எடுத்து வந்த பன்னிரண்டை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தவள் நான். கணேசன் சாரிடம் சொன்னேன். 'நான் அப்பவே சொன்னேன்' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொஞ்சம் அழுதாவது இருப்பேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, அன்றைக்கு எந்தப் புத்தகமும் எடுக்காமல் போனார். அந்த வாரமே அட்டவணையைக் கழற்றிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி ஜூரோங்குக்குப் போனேன். ஒன்பதாவது மாடி வீடு. அருளப்பன் அண்ணன் கூடத்தில், சன்னலைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் குரலைக் கேட்டதும் எழுந்து நின்றார். தப்பான திசையில் கை கூப்பினார்.

வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்ததை மூச்சு விடாமல் சொன்னேன்.

"அண்ணே, நான் அந்த ஜீரோவைக் கொடுக்காம இருந்திருந்தா, இது ரெண்டையும் நீங்க உங்க கண்ணாலயே படிச்சு முடிச்சிருப்பீங்க."

"முடிச்சிருப்பேன்" என்றார்.

அவ்வளவுதான். ஆறுதலுக்காகக்கூட 'அப்படி இல்லை' என்று சொல்லவில்லை. ரோஸ்மேரி அடுப்படி வாசலில் வந்து நின்றவள் அப்படியே நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன், ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அவர் கொடுத்துவிடுவார், அவ்வளவு எளிதாக வாங்கிக்கொண்டு வருவது சரியில்லை என்று பட்டது. அவர்தான் பேசினார். கோபம் வந்தது உண்மை, ஒரு மாதம் உங்கள் கடைப் பெயரையே வீட்டில் எடுக்கவில்லை என்றார். பிறகு நாற்காலியைத் தடவி உட்கார்ந்துகொண்டார்.

"புத்தகம் கொண்டு வந்திருக்கீங்கதானே? உட்காருங்க. விட்ட இடம் முப்பத்தொண்ணு."


ஞாயிற்றுக்கிழமைகள்

அன்றிலிருந்து மாதத்துக்கு இரண்டு ஞாயிறு போனேன். ஒரு பத்தியை ஆங்கிலத்தில் படிப்பேன், பிறகு தமிழில் சொல்வேன். நான் ஒன்றும் பெரிய மொழிபெயர்ப்பாளர் இல்லை. 'ஏர்லாக்' வந்தால் ஏர்லாக் என்றே சொல்லிவிடுவேன், அதெல்லாம் அவருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். ரோஸ்மேரி சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்பாள். நடுவில் நிறுத்தி, "அந்த ஆளு ஏன் வீட்டுக்கு ஒரு கடிதாசி போட மாட்டேங்கிறான்?" என்று மெரிக்கைத் திட்டுவாள். அவள் திட்டும்போது அருளப்பன் அண்ணன் சிரிப்பார். கலத்தில் விரிசல் விட்டதாக வரும் இடங்களில் மட்டும் சிரிக்க மாட்டார். அவர்கள் எப்படி ஒட்டினார்கள் என்று துருவித் துருவிக் கேட்பார். புத்தகத்தில் இல்லாவிட்டால், எப்படி ஒட்டியிருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லுவார்.

பன்னிரண்டு முடிந்தபோது பென்சிலைக் கேட்டார். கொடுத்தேன். புத்தகத்தை மடியில் வைத்து, கட்டைவிரலால் பக்கத்தின் ஓரத்தைத் தேடி, பிறகு பென்சிலைத் திருப்பி என்னிடமே நீட்டினார். நான் படித்ததற்குத்தானே குறி, நீங்கள் படித்ததற்கு நீங்கள் போடுங்கள் என்றார். எனக்கென்று ஒரு குறி அதுவரை கிடையாது. அடுத்தவர்கள் போட்டால் திட்டுகிறவள் அல்லவா. ஒன்றும் போடாமல் மூடினேன்.

பதின்மூன்றாவது புத்தகம் மழைக்காலத்தில் முடிந்தது. அதில் மெரிக்குக்கு வயதாகிவிட்டது. ஆட்களையெல்லாம் சின்னப் படகுகளில் இறக்கிவிட்டு, பழுதான வெஸ்டாவில் தனியாக இருந்துவிடுகிறான். கடைசிப் பக்கத்தில் அவன் குரலும் நின்றுபோகிறது. நான் அதைத் தமிழில் சொல்லி முடித்தேன். ரோஸ்மேரி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். அருளப்பன் அண்ணன் கடைசிப் பக்கத்தை மட்டும் இன்னொரு முறை ஆங்கிலத்திலேயே படிக்கச் சொன்னார். படித்தேன்.

அவர் ஆசைப்பட்டபடி கடைசி வரைக்கும் வந்துவிட்டார். ஆனால் கேட்டபடி வரவில்லை, கண்ணை வழியில் விட்டுவிட்டுத்தான் வந்தார். முகத்தில் வருத்தம் இருக்கிறதா என்று பார்த்தேன். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சன்னலுக்கு வெளியே மழை இரைந்துகொண்டிருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மெரிக் செத்தது நீங்க சொல்லி நான் கேட்டது தங்கச்சி. நான் என் கண்ணால முழுசா படிச்ச கடைசிப் புத்தகத்துல அவனுக்குப் பத்தொன்பது வயசுதான்."


அதற்குப் பிறகு இன்னொரு வெஸ்டா நாவல் கடைக்கு வந்தபோது, கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று புரட்டிக்கூடப் பார்க்காமல், தட்டில் காலியாக இருந்த இடத்தில் செருகிவிட்டு, எண் வேண்டும் என்கிறவர்கள் கணேசன் சாரைப் போய்க் கேட்டுக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன்.